வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து முறை போனவள்

நாட்டிலேயே அதிகக் கூட்டம் வந்துபோகிற ரயில் நிலையம் எது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகும். கோடிக்கணக்கில் எண்கள், கடைசி இலக்கம்வரை அச்சிட்டிருப்பார்கள். பார்க்கிறவர்கள், இத்தனை பேரை எப்படித்தான் எண்ணினார்களோ என்று வாயைப் பிளப்பார்கள். எண்ணின விதம் தெரிந்தால் பிளந்த வாய் மூடாது. வருடத்தில் ஒரே ஒரு நாள் ஒவ்வொரு வாசலிலும் ஸ்டூல் போட்டு ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். அவர் கையில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் எண்ணும் கருவி இருக்கும். ஆள் ஒன்று கடந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. 'டக்' என்று சத்தம் வரும், எண் ஒன்று கூடும். எல்லா வாசல்களின் எண்களையும் கூட்டி, முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிவிட்டால் அந்த வருடக் கணக்கு முடிந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒருவர் எங்கேயோ கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தால், பட்டியலைப் பொறுத்தவரை அவர் வருடம் முழுக்கக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டே இருப்பார்.

இந்தக் கதை மூன்றாம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருபவருடையது. பத்தொன்பது வருடமாக அந்த வாசல்தான். மற்ற நாட்களில் அதே நிலையத்துப் புள்ளிவிவரப் பிரிவில் குமாஸ்தா. கூட வேலை பார்ப்பவர்கள் அவரை 'மீட்டர்' என்று கூப்பிடுவார்கள். அவர் எண்ணினால் ஒன்றுகூடத் தப்பாது என்பது நிலையம் முழுக்கப் பிரசித்தம். தப்பாமல் இருப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். முகத்தைப் பார்த்தால் யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கும், புன்னகை வரும், ஒரு தலையாட்டல் வரும், அதற்குள் பத்துப் பேர் போயிருப்பார்கள். அதனால் தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டை மட்டும் பார்ப்பார். கோட்டை ஒரு ஜோடிக் கால் தாண்டினால் ஓர் அழுத்து. ஊன்றுகோலுக்கு எண் கிடையாது, பெட்டிக்கும் கிடையாது.

இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் வினை. மனைவி ஒரு ஷூக் கடையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற பருவத்தில் நாள் முழுக்க மண்டிபோட்டு உட்கார்ந்து, உதைக்கிற பிள்ளைகளின் காலில் ஷூ மாட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் ஏதாவது பேசலாம் என்று எதிரே உட்கார்ந்தால், மீட்டர் அவளுடைய கால் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்பார். குழந்தை குட்டி இல்லாத வீடு. ஆக, அந்த வீட்டில் ஒரு நாளைக்குச் செலவாகிற பேச்சு முழுவதும் அவளுடையதாகவே இருந்தது.

அந்த வருடம் எண்ணும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர்களுடைய நிலையம் மூன்று வருடமாக இரண்டாம் இடத்தில் கிடந்தது. முதலிடத்தில் இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையம். எதிர்க்கரை நிலையம் என்ற பேரைக் கேட்டாலே ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "இந்தத் தடவை முதலிடம் வந்துட்டா தலைமைக் கணக்கெடுப்பாளர் பதவி உங்களுக்குத்தான் மீட்டர். தனி ரூம், ஜன்னல், சாஞ்சு உக்கார நாற்காலி" என்று சொல்லி வைத்திருந்தார். பத்தொன்பது வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு வில்லாய் வளைந்திருந்த மீட்டருக்கு, ஜன்னலைவிட அந்த நாற்காலிமேல்தான் கண்.

காலை ஒன்பது மணிக்குமேல் கூட்டம் நெரிந்தது. செருப்பு, ஷூ, செருப்பு, செருப்பு, குழந்தை ஷூ. டக், டக், டக். மீட்டரின் ஸ்டூலுக்கு எதிர்ப்புறம், எதிர்க்கரை நிலையத்திலிருந்து வந்த பார்வையாளர் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். ஒரு நிலையம் எண்ணுவதை இன்னொரு நிலையம் வேவு பார்ப்பது விதிப்படி உண்டு. அந்த ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு ஜோடிப் பழுப்பு ஷூ, புத்தம் புதுசு, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி. மீட்டர் கட்டைவிரலைத் தயாராக வைத்துக் காத்திருந்தார். ஷூ நகரவில்லை. பின்னால் கால்கள் தேங்க ஆரம்பித்தன. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டாயிற்று. மீட்டருக்கு எரிச்சலாக வந்தது.

"கொஞ்சம் நகருங்கம்மா, வழில நிக்காதீங்க" என்றார், தரையைப் பார்த்தபடியே.

ஷூ இன்னும் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் கோட்டைத் தாண்டியது. டக்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். வீடு இருட்டாகக் கிடந்தது. விளக்கைப் போட்டார். துணி அலமாரியில் பாதி காலி. பரணில் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாத ஓர் இடம். அடுப்பு மேடை துடைத்து வைத்தபடி இருந்தது. வேறு எங்கேயும் போக அவளுக்கு இடமில்லை என்று தெரியும். அவளுடைய அக்கா வீட்டுக்குப் போன் போட்டார்.

எடுத்தது சகலை. "இருங்க சகலை, குடுக்கறேன். கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கைமாற்றினார்.

"சொல்லாமக் கொள்ளாம இப்படிக் கெளம்பிப் போனா என்ன அர்த்தம்?" என்றார் மீட்டர்.

"நேத்துச் சாயங்காலம் சொன்னேனே. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதா இல்லன்னு."

"எப்ப சொன்ன?"

"நீங்க அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தப்ப. 'ம்'னு சொன்னீங்க."

மீட்டருக்கு எண்ணெய் விட்டது நினைவிருந்தது. 'ம்' நினைவில்லை. "சரி, நீ எந்த வழியாப் போன? நான் பாக்கவே இல்லையே."



"நாலு வாசல் இருக்குங்க. உங்க வாசல்ல வந்துதான் நின்னேன். நகருங்கம்மான்னு சொன்னீங்க. நகந்தேன். என்னையும் ஒரு டக்கு அழுத்துனீங்க."

"பழுப்பு ஷூவா?" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது.

"ஒரு வாரமா அதைப் போட்டுட்டுத்தான் கடைக்குப் போறேன். எப்படி இருக்குன்னு ரெண்டு தடவை கேட்டேன். நல்லாருக்குன்னீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் கூப்பிட்டார். சகலைதான் பேசினார். "கோவம் இன்னும் ஆறல சகலை" என்பதைத் தவிர அவரிடம் புதிதாகச் செய்தி எதுவும் இருக்கவில்லை. மீட்டர் தானே சமைத்துத் தானே கரியாக்கித் தானே தின்றார். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டி கண்ணெதிரே நடந்துபோனாள், நான்தான் எண்ணி அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

நாற்பது நாள் கழித்துப் பட்டியல் வெளியானது. எதிர்க்கரை நிலையம்: நான்கு கோடியே பத்து லட்சத்து இருபத்தெட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு பேர். இவர்களுடைய நிலையம்: நான்கு கோடியே பத்து லட்சத்து இருபத்தெட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து பேர். முதலிடம். வித்தியாசம் சரியாக முந்நூற்று அறுபத்தைந்து.

நிலையமே தலைகால் புரியாமல் ஆடியது. முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்குத் துணிப் பதாகை தொங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒலிபெருக்கியை வாங்கி, ரயில் அறிவிப்புகளுக்கு நடுநடுவே பயணிகளுக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் நாலு பேர் ரயிலைத் தவறவிட்டார்கள். மீட்டர் மட்டும் மேஜையில் குனிந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். முந்நூற்று அறுபத்தைந்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் ஒன்று. நாட்டிலேயே பெரிய நிலையமாக இது ஆனதற்கு ஒரே ஓர் ஆள் காரணம். அந்த ஆள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரில் ஒருவர், என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தேற்றல் ஒரு வாரம் தாங்கியது. எதிர்க்கரை நிலையத்திலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. அவர்களுடைய பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்ததை அப்படியே இணைத்திருந்தார்கள்: 'ஒன்பது பதினேழு. மூன்றாம் வாசல். பச்சைப் பெட்டியோடு ஒரு பெண்மணி இரண்டு நிமிடம் நின்று எண்ணுபவரையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். உள்ளேயும் தூணருகே நெடுநேரம் நின்றார். பயணி போல் தெரியவில்லை. யாரையோ பார்க்க வந்தவர் போல் தெரிகிறது.' பயணம் செய்ய வந்தவரைத்தான் எண்ண வேண்டும், பார்க்க வந்தவரையும் வழியனுப்ப வந்தவரையும் எண்ணக் கூடாது என்பது விதி. அந்த ஒன்றைக் கழித்தால் இரண்டு நிலையமும் சமம். சமமானால் போன வருடம் முதலிடத்தில் இருந்தவர்களுக்கே முதலிடம்.

ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "லட்சம் பேர்ல ஒரு பச்சைப் பெட்டியை எங்கேன்னு போய்த் தேடறது மீட்டர்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மீட்டர் மென்று விழுங்கினார். "தேட வேணாம் சார். அது என் வீட்டுக்காரி."

ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்தார். "உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாங்களா? போச்சு. எல்லாம் போச்சு."

"சாப்பாடு இல்ல சார். என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் சார்."

"ரயில்லயா?"

"ரயில்லதான்."

"இதுவரைக்கும் திரும்பி வரல?"

"வரல சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வயித்துல பாலை வாத்தீங்க மீட்டர். இதைவிட நல்ல சேதி இருக்குமா? விட்டுட்டுப் போறவங்களவிடப் பெரிய பயணி உலகத்துல யாரு?" என்றவர், மீட்டரின் கண்ணைப் பார்த்துவிட்டு, "வருத்தமான விஷயந்தான். நான் ஒத்துக்கறேன். ஆனா விசாரணை முடியறவரைக்கும் மட்டும் கொஞ்சம் வராம இருக்கச் சொல்லுங்க" என்று தோளில் தட்டினார். மீட்டருக்கு அந்த மனிதரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடமாக 'சார்' என்று கூப்பிட்ட வாய்க்கும் கைக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்தது.

மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள், தடித்த விதிப்புத்தகம். ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலேயே விசாரணை. ஒரு பக்கம் இந்த மாஸ்டர், எதிர்ப்பக்கம் எதிர்க்கரை மாஸ்டர். முதலில் மீட்டரைக் கூப்பிட்டார்கள்.

"உங்க மனைவி உங்களை விட்டுட்டு வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு தடவை போறதா பதிவாகியிருக்கு. சரிதானா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு தடவைதான் மேடம் போனா. அதையே தாங்க முடியல."

அதிகாரி 'ஒரு முறை, தாங்க இயலாதது' என்று குறித்துக்கொண்டார். அப்புறம் சாட்சியாக மனைவியைக் கூப்பிட்டார்கள். அன்று காலை ரயிலில்தான் அவள் வந்திருந்தாள். நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு மீட்டர் அவளைப் பார்க்கிறார். கொஞ்சம் இளைத்திருந்தாள், அல்லது முன்பே அப்படித்தான் இருந்தாளோ என்னவோ. அது அவருக்கு உறுதியாகத் தெரியாதது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"அம்மா, நீங்க ரயில்ல போனதுக்கு டிக்கெட் இருக்கு. ஆனா அதுல வாங்கின நேரம் ஒன்பது இருபத்தாறு. வாசலைத் தாண்டினது ஒன்பது பதினேழு. நடுவுல ஒன்பது நிமிஷம். என்ன பண்ணீங்க?"

"தூணுக்குப் பக்கத்துல நின்னேன்."

"எதுக்கு?"

"இவர் திரும்பிப் பாப்பாருன்னு."

ஸ்டேஷன் மாஸ்டர் இருமினார். எதிர்க்கரை மாஸ்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் கேக்கறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "வாசல் கோட்டைத் தாண்டுற நேரத்துல, ரயில் ஏறிப் போகணும்கிற எண்ணம் உங்களுக்கு இருந்துச்சா?"

அவள் கையிலிருந்த பையின் காதைத் திருகினாள்.

"இல்லங்க. போகக் கூடாதுன்னுதான் அங்க வந்தேன். பெட்டியோட முன்னால போய் நின்னா, எங்க போறன்னு கேப்பாரு, ரெண்டு வார்த்தை சண்டை போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிடலாம்னு நெனச்சேன். கடைக்குக்கூட அரை நாள் லீவுதான் சொல்லியிருந்தேன். அந்த டக்கு சத்தம் கேட்டப்புறந்தான், சரி, நம்ம போயிட்டோம்போல இருக்குன்னு தோணுச்சு."

மீட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை அதிகாரி குறித்துக்கொள்ளவில்லை, அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

அதிகாரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எண்ணியபோது அந்தப் பெண் பயணி இல்லை. எண்ணியதனால் பயணியானாள். எண்ணியிருக்காவிட்டால் ஆகியிருக்கவே மாட்டாள். அப்படியானால் எண்ணியது சரியா, தப்பா? இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. கடைசியில் பின் இணைப்பில் ஒரு வரி அகப்பட்டது: 'ஐயத்துக்குரிய பயணியை அதே வாசலில், அதே நேரத்தில், அதே எண்ணுபவர் மறுபடி எண்ணுதல் வேண்டும்.' மறுநாள் காலை ஒன்பது பதினேழுக்கு அவள் மறுபடி அந்த வாசலுக்கு வர வேண்டும். ஊருக்குப் போவதானால் கோட்டைத் தாண்டலாம். எண் ஒன்று. தாண்டாவிட்டால் பூஜ்யம். அதுவரை சாட்சியின் மனம் கெட்டுப்போகாமலிருக்க வீட்டுக்குப் போகக் கூடாது, நிலையத்து ஓய்வறையில்தான் தங்க வேண்டும், எண்ணுபவர் பத்தடிக்குள் நெருங்கக் கூடாது.

மீட்டர் பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஓய்வறையின் கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த கம்பி வழியாக உள்ளே நடப்பது முழுவதும் காதில் விழுந்தது. சாயங்காலம் முதலில் போனவர் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பொண்ணுன்னா ஒரு ரோஷம் வேணும்மா. ஒரு தடவை கெளம்பிட்டா கெளம்பினதுதான். உங்க தன்மானத்தை நெனச்சா எனக்கே பெருமையா இருக்கு. நாளைக்கு ஜன்னலோரம் சீட்டு, நானே போட்டு வெக்கறேன்."

அவர் வெளியே வந்ததும் எதிர்க்கரை மாஸ்டர் உள்ளே போனார்.

"குடும்பம்னா நாலும் இருக்கும்மா. விட்டுக் குடுத்துத்தான் போகணும். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கணுமே."

"உங்களுக்கு அவரைத் தெரியுங்களா?"

"தெரியாதும்மா. ஆனா பாத்தாலே ஒரு நல்ல அபிப்பிராயம் வருது."

"உங்க சம்சாரம் எந்தக் கலர் செருப்பு போடுவாங்க?"

எதிர்க்கரை மாஸ்டர் வெளியே வந்து, மீட்டரைத் தாண்டிப் போய், மூலையில் நின்று யாருக்கோ போன் போட்டுத் தணிந்த குரலில் ரொம்ப நேரம் பேசினார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே மீட்டரை ஸ்டூலில் உட்கார்த்திவிட்டார்கள். அவள் ஒருத்தி மட்டும் வந்தால் அது எண்ணிக்கை ஆகாது, கூட்டத்தோடு வர வேண்டும், கூட்டத்தையும் எண்ண வேண்டும் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீட்டருக்குத் தன் கட்டைவிரல்மேல்தான் பயம். பத்தொன்பது வருடப் பழக்கம், எஜமானைக் கேட்டுக்கொண்டா அழுத்தும்? விடிந்ததிலிருந்து அவர் அதைக் கைக்குள் மடக்கி மடக்கி வைத்துப் பார்த்திருந்தார். அவளிடம் சொல்ல ஒரு பெரிய பேச்சும் தயார் செய்து குளியலறைச் சுவரிடம் சொல்லிப் பார்த்திருந்தார்.

கூட்டம் வந்தது. மீட்டர் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தார். மூன்றுக்கு ஒன்று தப்பியது.

"கீழ பாருங்க" என்றார் அதிகாரி. "அன்னைக்கு எப்படிப் பாத்தீங்களோ அப்படி."

மீட்டர் குனிந்தார். செருப்பு, ஷூ, ஷூ, செருப்பு. டக், டக். விரலுக்குக் குஷி வந்துவிட்டது. ஒன்பது பதினாறு. ஒன்பது பதினேழு. ஒரு ஜோடிக் கால், பக்கத்தில் பச்சைப் பெட்டியோடு, கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

"அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க" என்று அதிகாரி எடுத்துக்கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் வராமல், நகருங்கம்மா, நகருங்கம்மா என்று உதட்டை அசைத்தார்.

மீட்டர் தலையைத் தூக்கினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. மூக்கின் இடது பக்கம் ஒரு சின்ன மச்சம். இவளுக்கு இவ்வளவு பெரிய கண்ணா என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"போகாத" என்றார்.

"ஏன்?" என்றாள் அவள்.

பின்னால் கால்கள் தேங்கின. குளியலறைச் சுவரிடம் சொன்ன பேச்சில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். பழக்கதோஷம், எத்தனை பேருன்னு பாக்கறேன்" என்றார் மீட்டர். "ஒண்ணுன்னுதான் வருது. எத்தனை தடவை பாத்தாலும் ஒண்ணுதான். அதுவும் நான்தான்."

எதிர்க்கரை மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். ஸ்டேஷன் மாஸ்டர் தாங்கமாட்டாமல், "மீட்டர், அந்த நாற்காலியை நெனச்சுப் பாருங்க" என்றார். மீட்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். "இதுல பாதியை அன்னைக்குச் சொல்லியிருந்தா, மத்தியானம் நான் கடைக்குப் போயிருப்பேன்" என்றாள்.

"அம்மா, உள்ளயா வெளியயா? எனக்குத் தெளிவா வேணும்" என்று அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"வெளிய" என்றாள் அவள். பிறகு புருஷனைப் பார்த்து, "இன்னைக்கு மட்டுந்தான் சொல்றேன். நாளைக்கு உங்ககிட்ட பேசிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றாள்.

"பேசு. எவ்வளவு வேணா பேசு" என்று மீட்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பெட்டியை வாங்கக் கை நீட்டியபோதுதான் கையில் கருவி இருப்பது தெரிந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்தார். அதற்குள் வாசலில் தேங்கியிருந்த கூட்டம் பொறுமை இழந்து, அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு திபுதிபுவென்று உள்ளே போய்விட்டது. நூறு பேர் இருக்கலாம், இருநூறு பேரும் இருக்கலாம். யாரும் எண்ணவில்லை.